எக்ஸ்ரே சுத்தம், ரத்தம் பாசிட்டிவ்: குடியேறிய ஒரு குடும்பத்தின் டி.பி. பரிசோதனை அனுபவம்

“எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள், ரத்தப் பரிசோதனையில் மட்டும் பாசிட்டிவ் என்கிறார்கள், அப்படியானால் எனக்கு டி.பி. இருக்கிறதா, இல்லையா?” புதிதாக வெளிநாட்டில் குடியேறிய தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் இதைக் கேட்டு என்னை அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் ஒன்றாகக் குடியேறினோம். ஐந்து பேருக்கும் பரிசோதனை நடந்தது, ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்த எங்களுக்கு வந்த பதில்கள் மட்டும் ஒன்றுபோல் இல்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, டாக்டரைக் கேள்வி கேட்டுக் குடைந்தது, மாத்திரைக்குக் கணக்கு வைத்தது எல்லாம் பெரும்பாலும் நான்தான் என்பதால் சொல்வதற்கு என்னிடம் கொஞ்சம் விஷயம் சேர்ந்திருக்கிறது.

முதலில் அந்தக் கேள்வி. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேடுவது ஒன்றையே அல்ல. நுரையீரலில் இப்போது நோய் இருக்கிறதா, அல்லது எப்போதோ வந்துபோன தழும்பு இருக்கிறதா என்பதை மார்பு எக்ஸ்ரே பார்க்கிறது. ரத்தப் பரிசோதனையும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையும் வேறொன்றைப் பார்க்கின்றன: இந்த உடம்பு காசநோய்க் கிருமியை எப்போதாவது சந்தித்திருக்கிறதா? கிருமி உள்ளே போயும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருந்தால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, பக்கத்தில் இருப்பவருக்குப் பரவவும் பரவாது, ரத்தம் மட்டும் பாசிட்டிவ் காட்டும். இதை உறங்குநிலைத் தொற்று என்கிறார்கள். ஆக, என்னை அழைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: எக்ஸ்ரே சுத்தம், உடம்பில் எந்த அறிகுறியும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றால் உங்களுக்கு இருப்பது டி.பி. நோய் இல்லை, தொற்று. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி கொஞ்சம் நியாயமான பயம், அதற்கும் வருகிறேன்.

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும், அதிலும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம். 2023இல் உலகம் முழுக்க 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டதாகவும் 12.5 லட்சம் பேர் இறந்ததாகவும் அதே நிறுவனம் கணக்கிட்டது, அந்த நோயாளிகளில் 26 சதவீதம் பேர் இந்தியாவில். அப்படியான நாட்டில் பிறந்து வளர்ந்து, நெரிசலான பேருந்திலும் வகுப்பறையிலும் மருத்துவமனை வரிசையிலும் காலம் கழித்த ஒருவருக்கு ரத்தம் பாசிட்டிவ் வந்தால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, வெட்கப்படவும் எதுவும் இல்லை. ஆனால் என்னை அழைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள், பக்கத்து அறையில் இருக்கும் சொந்தப் பிள்ளைக்குக்கூடக் கேட்கக் கூடாதாம்.

இனி புறப்படுவதற்கு முன் நடப்பது. நாட்டுக்கு நாடு விதி மாறும், யாரோ ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார் என்று (என்னையும் சேர்த்துத்தான்) அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவுக்குக் குடியேறுகிறவர்களில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு எக்ஸ்ரே. காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து போகும் 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை. கனடா, ஆஸ்திரேலியா இரண்டிலும் பொதுவாக 11 வயதிலிருந்து எக்ஸ்ரே. பிரிட்டன் தன் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்களிடம் டி.பி. இல்லை என்ற சான்றிதழ் கேட்கிறது. எல்லா இடத்திலும் பொதுவான ஒன்று, அந்த நாடு அங்கீகரித்த மையத்தில்தான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த டாக்டர், எத்தனை வருடம் நம்மைப் பார்த்தவராக இருந்தாலும், கொடுக்கிற சான்றிதழ் அங்கே செல்லாது.

எக்ஸ்ரே என்றால் கதிர்வீச்சு ஆயிற்றே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைக்கும் அளவு, சும்மா பூமியில் வாழ்வதால் சுமார் பத்து நாளில் நம் உடம்பில் படும் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வயிற்றுப் பகுதியை மறைத்து எடுப்பது, பிரசவத்துக்குப் பிறகு எடுப்பது என்று அவர்களிடம் வழிகள் உண்டு.

எங்கள் வீட்டில் சிக்கல் வந்தது அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் தழும்பு. அவருக்கு இருமல்கூட இல்லை. அறையில் இருந்த டாக்டர், “குடும்பத்தில் யாருக்காவது முன்பு டி.பி. இருந்ததா?” என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இளம் வயதில் டி.பி. வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. “சொன்னா விசாவை நிறுத்திடுவாங்களோம்மா?” என்று அத்தை காதோரம் கேட்டார். சொல்லிவிடலாம் அத்தை, படத்தில்தான் இருக்கிறதே என்று நானே சொன்னேன்.

இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: பழைய வரலாற்றை மறைக்காதீர்கள். நியாயம், நேர்மை என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், காரியம் என்று பார்த்தாலும் மறைப்பது நஷ்டம்தான். தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடுகிறது. அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் டாக்டர் மோசமான சாத்தியத்தை வைத்துத்தான் யோசிப்பார், யோசித்தாக வேண்டும். எப்போது வந்தது, என்ன மருந்து, எத்தனை மாதம், முழுதாக முடித்தார்களா என்று சொல்ல முடிந்தால் அவருக்கு வேலை சுலபம். பழைய எக்ஸ்ரே படம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இரண்டு படத்தையும் அருகருகே வைத்து இந்தத் தழும்பு மாறவே இல்லை என்று சொல்ல முடிகிறது. அத்தைக்கு முன்பு ஒருமுறை வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரே பீரோவின் மேல் ஒரு பழைய உறையில் இருந்தது. வீட்டைக் காலி செய்யும்போது பலர் முதலில் தூக்கிப் போடுவது இந்த உறைகளைத்தான், போடாதீர்கள்.

தழும்பு இருந்தால் அடுத்து சளிப் பரிசோதனை. மூன்று நாள் காலையில் எடுக்கும் சளி, நுண்ணோக்கியில் பார்ப்பதோடு முடியாது, அதைக் கிருமி வளர்கிறதா என்று வளர்த்தும் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரக்கூடியது, அதனால் அந்த முடிவு வர 6 முதல் 8 வாரம் வரை ஆகும். இதை யாராவது முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தக் காத்திருப்பு அவ்வளவு உறுத்தியிருக்காது. சளி கொடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வர வேண்டும். தூங்கி எழுந்ததும், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, சில முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, அப்புறம் இருமினால் வரும். இருமலே இல்லாத அத்தைக்கு அப்படியும் வரவில்லை. உப்புநீர் ஆவியைச் சுவாசிக்க வைத்து எடுத்தார்கள், அது பலருக்கும் செய்வதுதான். கிருமி எதுவும் வளரவில்லை, அத்தை கிளம்பலாம் என்று வந்தது.

இந்த இடைவெளியில் மற்றவர்களின் முடிவுகள் தயாராக இருந்தும் குடும்பம் முழுவதும் காத்திருந்தது, ஏனென்றால் விண்ணப்பம் ஒன்று. மருத்துவப் பரிசோதனைக்கும் காலாவதி உண்டு, நாட்டைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ. எனவே பரிசோதனை முடிவு கைக்கு வரும் முன் வேலையை விடுவது, வாடகை வீட்டைக் காலி செய்வது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவது, டிக்கெட் போடுவது எதுவும் வேண்டாம். வயதானவர்கள் குடும்பத்தில் இருந்தால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு.

சரி, சளியில் கிருமி வளர்ந்திருந்தால்? வாசல் நிரந்தரமாக மூடிவிடாது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் டி.பி.க்குப் பொதுவாக 6 மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. முடித்து, சோதித்துப் பார்த்து, அதன் பிறகு பயணம். தாமதம்தான், மறுப்பு இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் வேறு மாதிரிக் குழப்பம். பெரியவளுக்கு எக்ஸ்ரே மட்டும், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சின்னவனுக்கு நான்கு வயது, அவனுக்கு ரத்தப் பரிசோதனை. டி.பி.க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுத் தோளில் தழும்பே இருக்கிறதே, பிறகு எதற்கு என்று கணவர் கேட்டார், பல பெற்றோர் கேட்பதுதான். 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட அந்தத் தடுப்பூசி, சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவியும் வரும் கடுமையான டி.பி.யைத் தடுப்பதில் கெட்டி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யைத் தடுப்பதில் அதை அவ்வளவு நம்ப முடியாது. போதாததற்கு, மாண்டூ பரிசோதனையை அது குழப்பியும் விடும், கிருமியே இல்லாதவருக்கும் தோல் தடிக்கலாம். ரத்த அணுக்கள் வெளிவிடும் இன்டர்ஃபெரான் என்ற பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது. எனவே பி.சி.ஜி. போட்டவர்கள் நிறைந்த குடும்பத்துக்கு, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் ரத்தப் பரிசோதனையைச் சொல்லுங்கள். அதற்கு இன்னொரு வசதியும் உண்டு, ஒரே தடவை போனால் போதும். மாண்டூ என்றால் ஊசி போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி போய்க் காட்ட வேண்டும், அந்த நேரம் தவறினால் முதலிலிருந்து. கை சிவந்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம், அவர்கள் அளப்பது தடிப்பைத்தான், சிவப்பை இல்லை.

சின்னவனின் முதல் முடிவு பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, தீர்மானிக்க முடியவில்லை என்று வந்தது. சின்னக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இப்படி வருவதுண்டு, ரத்தத்தை எடுத்துச்சென்று கையாண்ட விதத்தாலும் வரலாம். மறுபடி எடுத்ததில் நெகட்டிவ். இங்கே ஒரு நடைமுறைத் தகவல்: எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கானது) போன்ற, வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி போட்டால் சில வாரங்களுக்கு டி.பி. பரிசோதனையின் முடிவு மங்கலாம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், இல்லையென்றால் தடுப்பூசிக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். குடியேறும் பிள்ளைகளுக்கு விடுபட்ட தடுப்பூசிகளும் அந்தச் சமயத்தில்தான் வரிசையாக வரும் என்பதால் இதை முன்பே கேட்டு நாளைத் திட்டமிடுவது நல்லது.

ஒரு சின்னக் குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தால் டாக்டர்கள் உடனே பெரியவர்கள் பக்கம் திரும்புவார்கள். குழந்தை வாழ்ந்ததே கொஞ்ச காலம், ஆக தொற்று சமீபத்தியது, யாரோ ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. ஐந்து வயதுக்குக் கீழே தொற்று வேகமாக நோயாக மாறவும் கூடும், அதனால் அவர்கள் காட்டும் அவசரம் நியாயமானது.

இப்போது மக்கள் அதிகம் சறுக்கும் கட்டம், வந்து சேர்ந்த பிறகு. விசா கிடைத்துவிட்டது, வீடு தேட வேண்டும், வேலை தேட வேண்டும், இதற்கு நடுவில் பொது சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம்: டி.பி. தொடர்பாக எங்களைத் தொடர்புகொள்ளவும். அத்தையைப் போல எக்ஸ்ரேயில் தழும்பு உள்ளவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த நிபந்தனை. கனடாவுக்கு வந்தவர் என்றால் பொதுவாக 30 நாளுக்குள், ஆஸ்திரேலியா என்றால் 28 நாளுக்குள் தொடர்புகொள்ளச் சொல்வார்கள். தழும்பு இல்லாதவர்களையும் சில நாடுகளில் ரத்தப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். இங்கிலாந்தில் அந்தத் திட்டம், காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுக்குள் வந்த 16 முதல் 35 வயதுக்காரர்களுக்கானது. “அதான் அங்கேயே பார்த்துட்டாங்களே, திரும்ப எதுக்கு?” என்று கடிதத்தைப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அங்கே பார்த்தது பெரும்பாலும் நோயை, இங்கே பார்ப்பது தொற்றை. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு டி.பி. வந்தால் அதில் பெரும்பங்கு விமானத்தில் கொண்டுவந்த நோய் அல்ல; எப்போதோ தொற்றியது வந்த சில ஆண்டுகளில் தலைதூக்குவதுதான். புது நாடு, புது வேலை என்று ஓடும் அந்த முதல் ஆண்டுகளில்தான் கவனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

பயம் காரணமாகப் போகாதவர்களும் உண்டு. விசாவை ரத்து செய்துவிடுவார்களா, முதலாளிக்குச் சொல்லிவிடுவார்களா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்களா? உறங்குநிலைத் தொற்று பரவாது, அதற்காக யாரையும் தனிமைப்படுத்த வேண்டியதில்லை, பிள்ளை பள்ளிக்குப் போகலாம், நீங்கள் வேலைக்குப் போகலாம். போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் பின்னால் குடியேற்றக் கோப்பில் சிக்கலாக வந்து நிற்கும்.

எனக்குப் பாசிட்டிவ், கணவருக்கு நெகட்டிவ். இத்தனை வருடம் ஒரே அறையில் தூங்கிய இரண்டு பேர். அவர் கொஞ்சம் பெருமையாகவே பார்த்தார், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு யாரிடமிருந்து எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, அதைத் தோண்டுவதில் பயனும் இல்லை. நோய் இல்லை என்று எக்ஸ்ரேயும் பரிசோதனையும் உறுதி செய்த பிறகு டாக்டர் தடுப்புச் சிகிச்சை பற்றிச் சொன்னார். கட்டாயம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நோயாக மாறும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே என்றால் எதற்கு மாத்திரை என்று எனக்கும் தோன்றியது. வீட்டில் சின்னவன் இருக்கிறான், எனக்கு நோய் வந்தால் முதலில் மாட்டுவது அவன். இப்போது நான்கு மாதம் ஒரு மருந்து, நோய் வந்தால் நான்கு மருந்தில் தொடங்கி ஆறு மாதம் என்ற கணக்கும் இருந்தது. எடுத்துக்கொண்டேன். எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன், வயது, ஈரல் நிலை, வேறு மருந்துகள் எல்லாம் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது அது. ஆனால் சர்க்கரை நோய், எச்.ஐ.வி., டயாலிசிஸ், மூட்டுவாதத்துக்கான சில ஊசிகள், நீண்டகால ஸ்டீராய்டு, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி தளரும் இடங்கள் அவைதான்.

மருந்தில் தேர்வு உண்டு. வாரம் ஒரு முறை என மூன்று மாதம் இரண்டு மருந்து, தினமும் நான்கு மாதம் ரிஃபாம்பிசின், அல்லது தினமும் ஆறு முதல் ஒன்பது மாதம் ஐசோனியாசிட். எனக்கு ரிஃபாம்பிசின். விழுங்கிய முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கண்ணீர், வியர்வைகூட நிறம் மாறலாம், காண்டாக்ட் லென்ஸ் கறைபடும், கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். முன்பே சொல்லி வைத்ததால் பயமில்லை, சொல்லாமல் விட்டிருந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடியிருப்பேன். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். கருத்தடை மாத்திரை இதோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. டாக்டர் கேட்கவில்லை என்றாலும் பெண்கள் இதை வாய் திறந்து சொல்ல வேண்டும், மாமியாரை அறைக்கு வெளியே உட்காரவைத்தாவது. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, வலிப்பு மருந்து, சில சர்க்கரை மாத்திரைகள் என்று இதோடு மோதுபவை நீளமான பட்டியல், ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். கண் மஞ்சளாவது, பசியே இல்லாமல் போவது, வாந்தி, வலப்பக்க மேல் வயிற்றில் வலி, இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்கள். மஞ்சள்காமாலைக்குச் சிறுநீரை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்க: இந்த மருந்தில் சிறுநீர் எப்படியும் நிறம் மாறித்தான் இருக்கும், கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு ரத்தமும் பாசிட்டிவ், சர்க்கரையும் உண்டு, தழும்பும் உண்டு. அவரது சர்க்கரை மாத்திரையோடு ரிஃபாம்பிசின் மோதும் என்பதால் ஐசோனியாசிட் கொடுத்தார்கள், கூடவே பி6 வைட்டமின், ஏனென்றால் ஐசோனியாசிட் கைகால் நரம்பில் மரத்துப்போதலை உண்டாக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு கூடுதல். ஈரலுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாதங்கள் போகப்போக அவருக்கு அலுத்துவிட்டது. “நோயே இல்லைன்றாங்க, அப்புறம் எதுக்கு இத்தனை மாத்திரை?” என்று என்னிடம் சண்டை. என் விளக்கம் எடுபடவில்லை. மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக நர்ஸ் சொன்னபோது கேட்டுக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர் என்றதும் சொல்ல வேண்டியது: பல நாடுகளில் பொது மருத்துவமனைகள் தொலைபேசி வழியாகவாவது இலவசமாக ஏற்பாடு செய்கின்றன, ஆனால் நாம் கேட்டால்தான். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பாட்டிக்கு எடை குறைந்ததா, சளியில் ரத்தம் வந்ததா, தாத்தாவுக்கு என்ன நோய் என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டுச் சொல்வது அவளுக்கும் பாரம், பாட்டியும் உண்மையைச் சொல்ல மாட்டார். மருமகள் நான் இருந்ததே சில கேள்விகளுக்குத் தடையாகத்தான் இருந்தது என்று பின்னால் புரிந்தது.

வீட்டுக்குள் இன்னொன்று நடந்தது. அத்தை தன் தட்டையும் டம்ளரையும் தானாகவே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். மாமாவுக்கு அன்றைக்கு அப்படித்தான் செய்தார்களாம். டி.பி. காற்றில்தான் பரவும், நுரையீரலிலோ தொண்டையிலோ நோய் உள்ளவர் இருமும்போது, பேசும்போது. பாத்திரத்தால், துணியால், கைகுலுக்குவதால் பரவாது. நோய் உள்ளவருக்கே தட்டைப் பிரிக்கத் தேவையில்லை என்றால் அத்தைக்கு எதற்கு? சொன்னதைவிட, பெரியவள் அந்த டம்ளரிலேயே தண்ணீர் குடித்தது வேலை செய்தது.

நெகட்டிவ் வந்தவர்களுக்கும் ஒன்று. தொற்றிய உடனே பரிசோதனை காட்டாது, 8 முதல் 10 வாரம் ஆகலாம். எனவே டி.பி. உள்ளவரோடு நெருங்கி இருந்தவருக்கு முதல் முடிவு நெகட்டிவ் என்றால் இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். உறவினரைப் பார்க்க ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கித் திரும்புகிறவர்களுக்கும், அங்கே யாருக்காவது நோய் இருந்தது தெரிந்தால், இது பொருந்தும். எக்ஸ்ரேயும் எல்லாவற்றையும் பிடிக்காது. டி.பி. கழுத்து நிணநீர்க் கட்டியில் வரும், முதுகெலும்பில் வரும், வயிற்றில் வரும். டி.பி. அரிதாகிவிட்ட நாடுகளில் குடும்ப டாக்டருக்கு அது முதலில் தோன்றாமல் போகலாம்; இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக்காக எழுதிக்கொண்டே போவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, கழுத்தில் வலிக்காத கட்டி, இப்படி ஏதாவது இருந்தால் நீங்களே ஆரம்பியுங்கள்: நான் டி.பி. அதிகமுள்ள நாட்டில் பிறந்தவன், வந்து இத்தனை வருடம் ஆகிறது, ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், அல்லது வீட்டில் ஒருவருக்கு முன்பு இருந்தது. டாக்டருக்கு நாம் சொல்லிக் கொடுப்பதா என்று கூச்சப்படும் பழக்கம் நமக்கு நிறைய.

கடைசியாகக் காகிதங்கள். சிகிச்சை முடிந்ததும் என்ன மருந்து, எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிந்தது என்று எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், தானாக வராது. அதோடு ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே அறிக்கை. இது எதற்கு என்றால், சிகிச்சை முடித்த பிறகும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம், மருத்துவமனை வேலை, நர்சிங் படிப்பு என்று எங்கே சேர்ந்தாலும் டி.பி. பரிசோதனை கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். கடிதத்தின் நகலைக் கொடுத்து, இதற்கு ஏற்கெனவே சிகிச்சை முடித்துவிட்டேன் என்றேன். அறிகுறி பற்றி நாலு கேள்வி கேட்டு, எக்ஸ்ரே அறிக்கையைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.